வில்லன் ஜெயித்த படங்கள்: அவன் எதை ஜெயித்தான்?

#1 கடைசிரீல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த இழை முழுக்க க்ளைமாக்ஸ் பற்றித்தான். நீங்கள் பார்க்காத படத்தின் பெயர் வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

போன வாரம் 'செவன்' படத்தை மறுபடி பார்த்தேன். 1995-இல் வந்த டேவிட் ஃபின்சர் படம். முதல்முறை பார்த்தது கல்லூரி விடுதியில், ஒரே கம்ப்யூட்டர் முன்னால் ஆறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கிய பிறகும் யாரும் எழுந்துபோய் விளக்கைப் போடவில்லை. இந்தமுறை தம்பி மகன் கூட இருந்தான். கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறான். முடிந்ததும் அவன் கேட்டான்: "வில்லன்தான் செத்துட்டானே பெரியப்பா, அப்புறம் எப்படி அவன் ஜெயிச்சான்னு சொல்றீங்க?"

உடனே பதில் வரவில்லை. படுத்த பிறகு யோசித்துக்கொண்டே இருந்தேன். ஜான் டோ ஏழு பாவத்துக்கு ஏழு பேர் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். ஐந்து முடிந்ததும் கையெல்லாம் ரத்தத்தோடு தானாகவே போலீஸிடம் வந்து சரணடைகிறான். மீதி இருப்பவை பொறாமையும் கோபமும். பொறாமை அவனுடையது. கோபத்துக்குத்தான் ஆள் வேண்டும். பிராட் பிட் நடித்த போலீஸ்காரன் மில்ஸின் மனைவியைக் கொன்று, தலையைப் பெட்டியில் வரவழைத்துவிட்டு, வெட்டவெளியில் மண்டியிட்டுக் காத்திருக்கிறான். சுட்டால் அவன் ஜெயித்துவிடுவான் என்று கூட்டாளிப் போலீஸ்காரராக வரும் மார்கன் ஃப்ரீமன் கெஞ்சுகிறார். மில்ஸ் சுடுகிறான். கணக்கு நேராகிவிட்டது. அந்தப் பெட்டியை மாற்றிவிடலாம் என்று ஸ்டூடியோ பார்த்தது, மாற்றக்கூடாது என்று பிட் பிடிவாதமாக நின்றார். அவர் நின்றிராவிட்டால் இது இன்னொரு போலீஸ் படமாகப் போயிருக்கும்.

சரி, என் அளவுகோல் இதுதான். படம் முடியும்போது வில்லன் எதற்கு ஆசைப்பட்டானோ அது அவன் கையில் இருக்க வேண்டும். ஹீரோ செத்தானா பிழைத்தானா என்பது எனக்குக் கணக்கில்லை, வில்லனின் உயிரும்கூட. ஊருக்காக உயிரைவிட்டு எதிரியையும் கூடவே கொண்டுபோகும் ஹீரோக்கள் இந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். அவர்கள் செத்தாலும் ஜெயித்தவர்கள்.

தமிழில் இந்த வரிசையில் நான் முதலில் வைப்பது மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்', 1979. ஊரே கூடி, கொடுமைக்காரன் சுந்தரவடிவேலுவை ஆற்றில் இறங்கச் சொல்கிறது. சாகப்போகிறவன் அழவில்லை, கெஞ்சவில்லை. நல்லவர்களாக இருந்த உங்கள் எல்லோரையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேன், நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான் என்ற பொருளில் பேசிவிட்டுத் தண்ணீருக்குள் போகிறான். விஜயன் அதைச் சொல்லும் விதத்தில் கொஞ்சம்கூட நடிப்பு தெரியாது. கரையில் அவனுடைய இரண்டு குழந்தைகள்.

உங்கள் பட்டியலைச் சொல்லுங்கள். ஏன் என்பதையும் சேர்த்து.

#2 மூன்றாம்வரிசை

நல்ல இழை அண்ணா. என் பங்குக்கு நாலு.

'ஆர்லிங்டன் ரோடு', 1999. பக்கத்து வீட்டுக்காரன் தீவிரவாதி என்று ஜெஃப் பிரிட்ஜஸ் கடைசிவரை துரத்துகிறார். கடைசியில் குண்டு இருப்பது அவருடைய காரிலேயே. பழியும் அவர் மேல்.

'ஓல்ட்பாய்', 2003. பதினைந்து வருடம் ஒருவனை அறைக்குள் அடைத்து வைத்ததே பழிவாங்கலின் முதல் பாதிதான் என்று தெரியவரும் இடம் இருக்கிறதே, அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்', 2007. சிகுர் ஹீரோவைக் கொன்றுவிட்டு நடந்து போய்விடுகிறான்.

'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்', 2018. தானோஸ் விரலைச் சொடுக்கிப் பிரபஞ்சத்தில் பாதி உயிர்களை அழித்துவிட்டு, சூரியன் உதிப்பதைப் பார்த்தபடி திண்ணையில் உட்காருகிறான். நான் பார்த்த தியேட்டரில் குழந்தைகள் அழுதன.

#3 பழையடிக்கெட்

தம்பி, மூன்றாவதில் ஒரு திருத்தம். ஹீரோ மாஸைக் கொல்வது சிகுர் இல்லை. எல் பாசோவில் ஒரு மோட்டலில் மெக்ஸிகோக் கும்பல் கொல்கிறது. அதுவும் திரையில் காட்டாமலேயே. ஷெரீஃபாக வரும் டாமி லீ ஜோன்ஸ் வந்து சேரும்போது எல்லாம் முடிந்து கிடக்கும். இரண்டு மணி நேரம் நாம் யாரோடு ஓடினோமோ அவனுடைய சாவைக்கூட நமக்குக் காட்ட மாட்டேன் என்கிறார்கள் கோயன் சகோதரர்கள். அதனால்தான் பல பேருக்கு சிகுர் கொன்றதாகவே நினைவில் நிற்கிறது, நம் மனசு ஒரு நேர்ச்சண்டையை எதிர்பார்த்துவிட்டது. சிகுரும் முழுசாகத் தப்பவில்லை. தெருமுனையில் யாரோ ஒருவரின் கார் வந்து மோதிக் கை உடைகிறது. ஒரு பையனிடம் சட்டையை வாங்கிக் கையைக் கட்டிக்கொண்டு போகிறான்.

தானோஸ் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அடுத்த வருடமே அடுத்த பாகம் வரும் என்று டிக்கெட் வாங்கும்போதே தெரியும். அது தோல்வி இல்லை, நீளமான இடைவேளை.

#4 மூன்றாம்வரிசை

திருத்தத்துக்கு நன்றி சார், போய்ப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான் சரி. தானோஸை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அன்று அழுத குழந்தைகளுக்கு அடுத்த பாகம் தெரியாது.

#5 பழையடிக்கெட்

வில்லன் ஜெயிக்கும் படம் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு ரசிகனின் ஆசை மட்டும் காரணம் இல்லை, தணிக்கையும் ஒரு காரணம். ஹாலிவுட்டில் 1934-லிருந்து 1968 வரை ஹேஸ் கோடு, அதாவது ஸ்டூடியோக்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட தணிக்கை விதிகள், கட்டாயமாக இருந்தது. குற்றம் செய்தவன் தண்டனை இல்லாமல் போகக் கூடாது என்பது அதில் முக்கியமான விதி. 1956-இல் 'தி பேட் சீட்' வந்தது. கொலை செய்யும் சிறுமியின் கதை. நாவலிலும் நாடகத்திலும் அவள் தப்பிவிடுவாள். படத்தில் அப்படி விட முடியாது. ஒரு குழந்தையைத் தூக்கில் போடவும் முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? மின்னலை விழவைத்துக் கொன்றார்கள். படத்தைப் பாருங்கள், அந்த மின்னல் கதைக்குள் எங்கிருந்தும் வராது, விதிப்புத்தகத்திலிருந்து வரும்.

நம் பக்கத்தில் 'ஷோலே', 1975. எமர்ஜென்சி நேரம். தாக்கூர் தன் ஆணிச் செருப்பால் கொள்ளைக்காரன் கப்பரை மிதித்தே கொல்வதுதான் எடுத்த முடிவு. முன்னாள் போலீஸ்காரர் சட்டத்தைக் கையில் எடுக்கக் கூடாது என்று தணிக்கை சொல்லி, கடைசி நிமிடத்தில் போலீஸ் வந்து நிற்பதாக மாற்றினார்கள். அங்கே வில்லன் ஜெயிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் இரண்டு கையையும் இழந்த மனிதனின் கோபத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டுவிட்டது.

எனக்கு இதில் ரொம்ப வலித்த கதை ஒன்று உண்டு. ஜார்ஜ் ஸ்லூய்சர் 1988-இல் டச்சும் பிரெஞ்சும் கலந்து எடுத்த படம், வெளிநாடுகளில் 'தி வானிஷிங்' என்று பெயர். பிரான்ஸில் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெட்ரோல் பங்க். குளிர்பானம் வாங்கப்போன சாஸ்கியா திரும்பி வரவில்லை. மூன்று வருடம் தேடுகிறான் காதலன். அவள் உயிரோடு இருக்கிறாளா என்பதைவிட, என்ன நடந்தது என்று தெரிந்தாக வேண்டும் என்ற வெறி அவனுக்கு. வில்லன் தானே வந்து, தெரிய வேண்டுமானால் இந்தக் காபியைக் குடி என்கிறான். குடிக்கிறான். கண் விழிக்கும்போது பூமிக்கு அடியில் ஒரு பெட்டிக்குள். லைட்டர் வெளிச்சத்தில் அவன் முகம். மேலே வில்லன் தன் குடும்பத்தோடு தோட்டத்தில்.

ஐந்து வருடம் கழித்து அதே ஸ்லூய்சரே ஹாலிவுட்டில் அதை மறுபடி எடுத்தார். இந்தமுறை ஹீரோவை அவனுடைய புதுக் காதலி காப்பாற்றுகிறாள், வில்லன் சாகிறான். ஒரே கை, ஒரே கதை. இரண்டையும் அடுத்தடுத்த நாள் பார்த்தேன். இரண்டாவதில் முதல் படத்தின் பயம் ஒரு துளிகூட இல்லை.

#6 இடைவேளை

எல்லோரும் ரசித்து எழுதுகிறீர்கள். எனக்கு இந்தப் படங்கள் பிடிக்காது என்று சொல்ல வந்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்பா மில்லில் ஷிஃப்ட் வேலை. மாதச் சம்பளம் வந்த வாரம் எங்களை இரண்டாவது ஆட்டத்துக்குக் கூட்டிப்போவார். கெட்டவன் அடிவாங்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பேன். வாரம் முழுக்க மேலாளரிடம் வாய்திறக்காமல் நின்ற மனிதர் அப்போது கைதட்டுவார். வெளியே தினமும் பார்ப்பது கெட்டவன் ஜெயிப்பதைத்தானே, அதைக் காசு கொடுத்து வேறு பார்க்கணுமா? வீட்டில் வசதியாக உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குத் தோல்வி ஒரு ருசி. எங்கள் வீட்டில் அப்படி இல்லை.

இன்னொன்று. இந்த மாதிரிப் படங்களில் வில்லன்தான் அழகாகப் பேசுகிறான். அவனுக்குத்தான் கேமரா, அவனுக்குத்தான் இசை. பையன்கள் அவன் படத்தைத்தான் போனில் வைத்துக்கொள்கிறார்கள்.

#7 கடைசிரீல்

இடைவேளை, கோபமே இல்லை. உங்கள் அப்பா கைதட்டியதை நான் குறைவாக நினைக்க மாட்டேன். இரண்டாவது விஷயத்துக்கு மட்டும் ஒரு படத்தைச் சொல்கிறேன். மிக்கேல் ஹானெக்கே 1997-இல் எடுத்த 'ஃபன்னி கேம்ஸ்' நீங்கள் சொல்லும் அதே புகாரிலிருந்து பிறந்த படம். விடுமுறை வீட்டுக்குள் இரண்டு பையன்கள் நுழைகிறார்கள். ஒரு கட்டத்தில் அந்த அம்மா துப்பாக்கியைப் பிடுங்கி ஒருவனைச் சுட்டுவிடுகிறாள். நமக்கு மூச்சு வருகிறது. உடனே மற்றவன் ரிமோட்டைத் தேடி எடுத்துப் படத்தையே பின்னால் ஓட்டி, அந்தக் காட்சியை அழித்துவிடுகிறான். வன்முறையைப் பார்க்க வந்தாய் அல்லவா, இந்தா பார் என்று நம்மை உட்காரவைக்கிறார் ஹானெக்கே. இரண்டாம்முறை பார்க்க என்னால் முடியவில்லை.

#8 ஊதாப்பூ

முழு இழையையும் படித்துவிட்டு எழுதுகிறேன். இவ்வளவு நேரம் ஹீரோ தோற்றான், ஹீரோ தோற்றான் என்கிறீர்கள். செத்தது யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 'செவ'னில் மில்ஸின் மனைவி ட்ரேஸி, வயிற்றில் குழந்தையோடு. 'வானிஷிங்'கில் முதலில் புதைக்கப்பட்டவள் சாஸ்கியா. அவளுக்கு என்ன நடந்தது என்பதே காதலனுக்கு நடந்ததை வைத்துத்தான் நமக்குத் தெரிகிறது.

யாரும் இன்னும் 'சைனாடவுன்' சொல்லவில்லை. 1974, போலன்ஸ்கி. 1937-இல் லாஸ் ஏஞ்சலஸ். ஊருக்குத் தண்ணீர் வராமல் செய்து, வறண்ட நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கி, பிறகு அங்கேயே தண்ணீரைத் திருப்பிவிடும் கிழவன் நோவா கிராஸ். நம்மூரில் ஏரியைத் தூர்த்து மனை போட்டவர்களைப் பார்த்தவர்களுக்கு அவனைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவன் தன் மகள் எவலினையே சீரழித்தவன். அதில் பிறந்த பெண்ணை அவனிடமிருந்து மறைத்துக் காப்பாற்றத்தான் எவலின் படம் முழுக்கப் பொய் சொல்கிறாள். கதை எழுதிய ராபர்ட் டவுன் முதலில் எழுதிய முடிவில் எவலின் அப்பனைக் கொன்றுவிடுவாள். போலன்ஸ்கி ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது இருக்கும் முடிவில் போலீஸ்காரன் சுட்டதில் எவலின் சாகிறாள், கார் ஹாரன் நிற்காமல் அலறுகிறது, அந்தக் கிழவன் அலறும் பெண்ணின் கண்ணைக் கையால் பொத்தி அணைத்துக் கூட்டிப்போகிறான். நிலம், தண்ணீர், பெண் எல்லாம் அவனுக்கு. எல்லோரும் அந்தப் படத்தை, துப்பறிவாளராக வரும் ஜாக் நிக்கல்சனின் தோல்வி என்று எழுதுகிறார்கள். அவர் மூக்கில் ஒரு தையலோடு வீட்டுக்குப் போவார். அந்தப் பெண் எங்கே போவாள்?

இடைவேளை அண்ணா, நீங்கள் கேட்டதற்கும் இதிலேயே பதில் சொல்லப் பார்க்கிறேன். வெளியே தினமும் பார்ப்பதை ஏன் திரையிலும் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். 'விசாரணை' பார்த்தீர்களா? கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், தான் குண்டூரில் லாக்கப்பில் பட்டதை 'லாக்கப்' என்று நாவலாக எழுதினார், அதிலிருந்து வெற்றிமாறன் எடுத்தது. 2015-இல் வெனிஸ் விழாவில் திரையிட்டு, 2016-இல் இங்கே வெளியானது. செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். பாண்டியும் கூட்டாளிகளும் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள். கோர்ட்டில் தப்பிக்கிறார்கள். மற்ற இயக்குநர் என்றால் அங்கேயே சுபம் போட்டிருப்பார். தப்பித்துத் தமிழ்நாட்டுக்கு வந்து, உதவிய போலீஸ்காரருக்கு நன்றிக்கடனாக ஸ்டேஷனைக் கழுவிக் கொடுக்கிறார்கள். அங்கே கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டதற்காகச் சாகிறார்கள். சமுத்திரக்கனி நடித்த அந்த நல்ல அதிகாரியும் சாகிறார்.

அந்தப் படத்தில் வில்லன் யார் என்று விரலை நீட்டிக் காட்ட முடியாது. அடிக்கிறவனுக்கு மேலிடத்திலிருந்து போன் வருகிறது, அவனுக்கும் மேலே ஒருவன் இருக்கிறான். அடிக்கிறவன் நடுவில் சாப்பிடவும் போகிறான். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், செய்யாத தப்புக்கு என் கையெழுத்தைக் கேட்டு மூன்று நாள் தனி அறையில் உட்காரவைத்தார்கள். யாரும் கை ஓங்கவில்லை, தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டேன். அந்தப் படத்தை நான் பார்த்தது அதற்கு அப்புறம். எனக்கு நடந்ததை யாரோ நம்பினார்கள் என்று இருந்தது. உங்கள் அப்பா கைதட்டினார், நான் அழுதேன். எனக்கு அது தேவைப்பட்டது.

#9 இடைவேளை

தங்கச்சி, இரண்டு முறை படித்தேன். நான் சொன்னதை முழுசாக வாபஸ் வாங்கவில்லை, ஆனால் தோல்வி ருசி என்று எழுதியது தப்பு. வருத்தப்படுகிறேன்.

#10 வைகைக்கரை

'சுப்பிரமணியபுரம்' வராமல் இந்த இழை முடியக் கூடாது. 2008, சசிகுமார் இயக்கி நடித்த முதல் படம், கதை நடப்பது 1980 மதுரையில். அழகரை அவன் காதலி துளசியை வைத்தே வரவழைத்து வெட்டுகிறார்கள். அவன் நண்பன் பரமன், எதிரி கனகுவைத் தீர்த்துக் கணக்கை முடிக்கிறான், அங்கே ஹீரோ ஜெயித்த மாதிரி இருக்கும். அடுத்து காசி. கூடவே சாப்பிட்டு, கூடவே படுத்த காசி பரமனைக் காட்டிக்கொடுத்துவிட்டு இருட்டுக்குள் நடந்து போகிறான். நான் பார்த்த தியேட்டரில் துளசி அழும் காட்சியில்கூடச் சத்தம் இருந்தது, காசி திரும்பிப் பார்க்காமல் நடக்கும்போது ஒருவரும் மூச்சுவிடவில்லை.

ஒன்று சொல்லணும். தோற்றுச் செத்தவனின் கதையை எடுக்க நம் ஆட்களுக்கு ஹாலிவுட் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பக்கம் பாதிக் குலசாமிகள் கொல்லப்பட்டவர்கள்தான். முத்துப்பட்டன், காத்தவராயன், மதுரைவீரன். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட வீரனுக்கு மீனாட்சி கோவில் கிழக்குக் கோபுரத்துப் பக்கமே சன்னதி இருக்கிறது. எம்.ஜி.ஆர். 1956-இல் அந்த வேடம் போட்டபோதும் முடிவை மாற்றவில்லை. கூத்திலே கர்ணன் விழும்போது விடிந்துவிடும், உட்கார்ந்து பார்க்கிற கிழவிகளுக்குக் கதை தெரியும், ஆனாலும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கொன்றவன் பெயர் பாதிக் கதைகளில் யாருக்கும் ஞாபகம் இல்லை. செத்தவனுக்குத்தான் பொங்கல் வைக்கிறோம். அதனால் கடைசிரீல் அண்ணனின் அளவுகோலில் எனக்கு ஒரு சந்தேகம். படம் முடியும்போது யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறீர்கள். எங்கள் கதைகள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

#11 பழையடிக்கெட்

வைகைக்கரை சொன்னது யோசிக்கவைக்கிறது. 'உதிரிப்பூக்க'ளிலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. சுந்தரவடிவேலு அப்படி ஆகணும் என்று திட்டம் போட்டவன் இல்லை. ஜான் டோ போட்டான். திட்டமே இல்லாமல் கிடைத்ததை வெற்றி என்று சொல்லலாமா?

இந்த இரண்டுக்கும் நடுவில் நான் வைப்பது 'குருதிப்புனல்'. 1995 தீபாவளிக்கு 'முத்து'வோடு வந்த படம், பாட்டே கிடையாது. கோவிந்த் நிஹலானியின் இந்திப் படம்தான் மூலம். எந்த மனிதனுக்கும் உடைகிற இடம் ஒன்று உண்டு என்கிறான் நாசர் நடித்த தீவிரவாதி பத்ரி. கமல் போலீஸ் அதிகாரி, நேர்மையானவர். அவர் குழந்தையைக் கண்ணுக்கு முன்னால் நிறுத்தியதும் உடைந்து, துப்புக் கொடுப்பவராக மாறுகிறார். கடைசியில் பத்ரி சாகிறான், கமலும் சாகிறார். ஆனால் அவன் சொன்னது உண்மை என்று அவர் தன் வாழ்க்கையாலேயே காட்டிவிட்டார். அர்ஜுன் நடித்த இன்னொரு போலீஸ் அதிகாரி அப்பாஸ் மட்டும் உடையாமல் செத்தான். அவனை வைத்துப் பார்த்தால் பத்ரி சொன்னது பொய்.

#12 கடைசிரீல்

சார், சுந்தரவடிவேலு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அவன் அதற்கு ஆசைப்படவில்லை, அதைத் தப்பு என்றுதான் சொல்கிறான். என் அளவுகோல்படி அவனை நீக்கத்தான் வேண்டும். மனசு வரவில்லை, ஆனாலும் நீக்குகிறேன். ஊதாப்பூ சொன்ன பிறகு 'சைனாடவுன்' முதலிடத்துக்கு வந்துவிட்டது. கிராஸுக்குத் திட்டமும் இருந்தது, ஆசைப்பட்டது எல்லாமும் கிடைத்தது.

வைகைக்கரை, உங்கள் கேள்விக்கு என்னிடம் ஒரு படம் இருக்கிறது. போங் ஜூன்-ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்', 2003. 1986-லிருந்து 1991 வரை தென்கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் நடந்த உண்மையான கொலைகள். போலீஸ் அப்பாவிகளைப் பிடித்து அடிக்கிறது, ஆதாரத்தை மிதித்து அழிக்கிறது. கொலைகாரன் கிடைக்கவில்லை. கடைசிக் காட்சியில், போலீஸ் வேலையை விட்டுவிட்ட சாங் காங்-ஹோ பழைய வாய்க்காலுக்கு வந்து எட்டிப் பார்க்கிறார். கொஞ்சநாள் முன்னால் இன்னொருவனும் வந்து இப்படியே பார்த்தான் என்கிறது ஒரு சிறுமி. ஆள் எப்படி இருந்தான் என்று கேட்கிறார். சாதாரணமாக இருந்தான் என்கிறாள். அவர் நிமிர்ந்து நேராக நம்மைப் பார்க்கிறார். கொலைகாரன் என்றாவது தியேட்டருக்கு வந்து உட்கார்ந்தால் அவனைப் பார்க்கும் பார்வை அது.

2019-இல் டிஎன்ஏ சோதனையில் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. மனைவியின் தங்கையைக் கொன்றதற்காக 1994-லிருந்தே சிறையில் இருந்தவன். பழைய கொலைகளுக்கு வழக்குப் போடும் காலக்கெடு 2006-லேயே முடிந்துபோயிருந்தது. அதனால் அவற்றுக்கு அவனைத் தண்டிக்க முடியவில்லை.

#13 ஊதாப்பூ

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. அந்தக் கொலைகளில் ஒன்றுக்காக, செய்யாத ஒருவர் சுமார் இருபது வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். தூங்கவிடாமல் அடித்து வாங்கிய வாக்குமூலம். 2020-இல்தான் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. எனக்கு அந்தப் படத்தில் வாய்க்காலைவிட, அடித்து ஒத்துக்கொள்ளவைக்கும் அந்த நிலவறைதான் ஞாபகம் இருக்கிறது.

#14 வைகைக்கரை

இன்னும் பார்க்கவில்லை. இன்று இரவு பார்க்கிறேன்.

#15 கடைசிரீல்

தம்பி மகனுக்கு இந்த இழையைக் காட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "அப்போ ஜான் டோவை மில்ஸ் சுடாம இருந்திருந்தா ட்ரேஸி திரும்பி வந்திருப்பாளா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்போ அவன் பாலைவனத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே ஜெயிச்சுட்டான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் 'சைனாடவுன்' பார்க்கிறோம். இங்கே எழுதிய முடிவை அவனிடம் படிக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தேன், அந்தப் பத்தியைத் தாண்டிவிட்டதாகச் சத்தியம் செய்திருக்கிறான்.